கூப்பிட்டால் வருகிறவர்கள்

கூப்பிட்ட உடனே வருகிற ஆளை நம்பக் கூடாது. நாலுகுழி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் தலைமை நாற்காலியைத் தேய்த்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். மனிதன் என்றால் குளித்துக்கொண்டிருப்பான், பஸ்ஸில் நசுங்கிக்கொண்டிருப்பான், இல்லையென்றால் உங்கள் பெயரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைப்பான். மணி அடித்த மறுநொடி ஆட்டத்துக்குத் தயாராக நிற்கிறவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது.

என் தம்பி எட்வின் அப்படித்தான் வந்துகொண்டிருந்தான்.

நாலுகுழியை ஆரம்பித்தவர் தீனதயாளன், எங்களுக்குத் தீனா. ராயபுரத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த கேரம் கிளப்பில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். கிளப் மாடியில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு போனில் ஆடும் கேரம் ஒன்றை உருவாக்கி, போர்டின் நடுவில் இருக்கிற சிவப்புக் காயின் பெயரையே அதற்கும் வைத்தார், 'ரெட்' என்று. நானும் எட்வினும் சின்ன வயதில் அந்தக் கிளப்பின் வாசலில் நின்று வேடிக்கை பார்த்து, வீட்டுக்கு வந்து அம்மாவின் முகப் பவுடரை போர்டில் கொட்டி அடி வாங்கியவர்கள். அதனால் என்னை அவருக்குத் தெரியும். "உனக்கு யாரையும் நம்பத் தெரியாது புளோரா, புகாரைக் கேட்க நீதான் சரி" என்று சொல்லி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடம் ஈ ஓட்டினோம். கேரம் தனியாக ஆடுகிற ஆட்டம் இல்லை. அலுவலகம் விட்டு வந்து ஒருவன் போனைத் திறந்தால் அவனுடைய சிநேகிதன் அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். முகம் தெரியாதவனோடு ஆட இவனுக்கு மனம் வராது. மூடிவிட்டுப் போய்விடுவான், திரும்ப வரமாட்டான்.

அப்போதுதான் ரகோத்தமன் வந்து சேர்ந்தார். அதிகம் பேசாத, எதற்கும் சிரிக்காத இன்ஜினியர். தீனாவைத் தினமும் தன் போனில் சில ஆட்டங்கள் ஆடச் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து எங்களைக் கூட்டி வைத்து, போனை மேஜையில் போட்டார். திரையில் தீனா ஆடிக்கொண்டிருந்தார். குறுக்கே வெட்டி அடிக்கிற அதே அடி, காய் தவறினால் ஸ்ட்ரைக்கரைச் சலிப்போடு ஒரு ஓரத்துக்குத் தள்ளுகிற அதே வழக்கம். நிஜத் தீனாவோ என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கேமரா வேண்டாம், குரல் வேண்டாம்" என்றார் ரகோத்தமன். "விரல் கண்ணாடியில எவ்வளவு நேரம் தயங்குது, எந்தப் பக்கம் சாயுது, கோபம் வந்தா எப்படித் தள்ளுது, இது போதும். ஆள் இல்லாதப்போ அவர் கை மட்டும் ஆடும்."

அதற்குக் கைவாகு என்று பெயர் வைத்தோம். ஒரு தடவை பிடித்த கை பிறகு மாறாது. நீங்கள் கூப்பிடும்போது உங்கள் சிநேகிதன் வரவில்லை என்றால் அவனுடைய கைவாகு வரும். பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கை தெரியும், ஆள் வேறு, கைவாகு வேறு என்று காட்ட. கைவாகு கூப்பிட்டால் வரலாம், தானாக யாரையும் ஆட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று ஒரு விதியும் போட்டோம். அந்த விதிக்காகச் சண்டை போட்டவள் நான்தான். செய்யாத ஆள் செய்வதாகக் காட்டுவதற்கு ஓர் எல்லை வேண்டும் என்றேன். தீனா ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. பிள்ளை வெளிநாட்டில், பெற்றோர் இங்கே என்று இருக்கிற எந்த வீட்டிலும் ரெட் இருந்தது. இரவு ஷிஃப்ட் கணவனும் பகல் ஷிஃப்ட் மனைவியும் எங்கள் போர்டில்தான் சந்தித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் உருவாக்கிய விளையாட்டுகளையும் வாங்கி வெளியிட ஆரம்பித்தோம். கோயம்புத்தூர் அக்கா தங்கை இருவர் செய்த பேட்மிண்டன், மதுரைப் பையன்கள் செய்த பஸ் பந்தயம், எல்லாவற்றிலும் கைவாகுவைப் பொருத்தினோம், எல்லாம் ஓடின. கிளப் மாடியை விட்டுப் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம்.

அங்கே போனதும் முளைத்த முதல் தொல்லை மணி. வேலை பார்க்கிற எல்லோர் போனிலும் ரெட் இருந்தது, எல்லோருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மீட்டிங் நடுவே காய் குழியில் விழுகிற சத்தம் 'டொக்' என்று கேட்கும், யாருடைய பெரியப்பாவோ ஆட்டத்துக்குக் கூப்பிடுவார். தீனாவுக்குக் கண் சிவக்கும். ஊழியர்களைக் கூப்பிட்டால் மணி அடிக்காமல் நேராகக் கைவாகுவுக்குப் போகும்படி ரகோத்தமன் மாற்றிவிட்டார். கைதட்டினோம். மறுவாரம் கவலைப்பட வேறு விஷயம் வந்துவிட்டது.

அந்த வேறு விஷயம் சாம்பல் கை. அதைப் பார்த்ததும் நிறையப் பேர் ஆட்டத்தை மூடிவிட்டுப் போகிறார்கள் என்று ரகோத்தமன் கண்டுபிடித்தார். சிலருக்கு மட்டும் அந்தச் சின்னத்தை மறைத்துப் பார்த்தார்கள். யாரும் போகவில்லை. எல்லோருக்கும் மறைத்துவிடலாம் என்று தீனா சொன்னபோது நான் அவர் அறைக்குப் போனேன்.

"யாரை ஏமாத்துறோம் புளோரா?" என்றார். "அவன் கைதானே ஆடுது?"

"கை ஆடுது, சரி. ஆள் எங்க இருக்கான்?"

"அது நம்ம வேலையில்லை."

நிறுவனத்தின் வக்கீல் இன்னும் ஒரு படி மேலே போனார். எந்த ஆட்டத்தில் ஆள், எந்த ஆட்டத்தில் கைவாகு என்ற விவரத்தை நிறுவனமே வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். தெரிந்தால்தானே யாராவது கேட்கும்போது சொல்ல வேண்டியிருக்கும். இருந்ததையும் அழித்தார்கள், புதிதாகச் சேராமலும் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து, எதிரே ஆடுவது மனிதனா இல்லையா என்பது எங்களுக்கே தெரியாது.

எட்வின் ஓமானில் சலாலா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அங்கேயே ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு, செய்துகொண்ட பிறகு எனக்குப் போன் செய்தான். பெற்றவர்கள் போன பிறகு அவனுக்கு நான்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாய் சும்மா இருக்குமா, அந்தப் பெண்ணைப் பற்றியும் ஏதேதோ சொன்னேன். கேட்டான். போனை வைத்தான். அதற்கப்புறம் நாங்கள் பேசவே இல்லை. ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று ராயபுரத்துக்காரர்கள் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெயரைக் கேட்கக்கூட எனக்கு ரோஷம்.

ஆனால் ரெட்டில் அவன் பெயர் அப்படியே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, புடவைகூட மாற்றாமல், அவனைக் கூப்பிட்டேன். உடனே வந்தான். ஆடினோம். ஆடும்போதே பேசலாம், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறும் கூப்பிட்டேன், உடனே வந்தான். வருடக்கணக்காக இப்படித்தான். சின்ன வயதில் முதல் காய் விழுந்ததுமே நான் ரெட்டுக்குப் பாய்வேன், அவன் என்னைத் திட்டுவான். இப்போது நான் பாய்வதில்லை. ரெட்டைப் போட்டு, அதற்கு ஃபாலோவாக உடனே இன்னொரு காயைப் போடாவிட்டால் ரெட் திரும்பப் போர்டுக்கு வந்துவிடும். அந்தச் சின்ன அவமானத்தைக்கூட அவன் கண்ணெதிரே பட எனக்குப் பிடிக்கவில்லை.

சந்தேகம் எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தொழில்முறையில் வந்தது. கூப்பிட்டால் இவன் ஒரு முறைகூடத் தாமதித்ததில்லை. இவனாக ஒரு முறைகூட என்னைக் கூப்பிட்டதும் இல்லை. கூப்பிட்டால் வரும், தானாகக் கூப்பிடாது. அந்த விதியை எழுதியவளுக்கு வேறு சாட்சி வேண்டுமா? தம்பி எப்போதோ போய்விட்டான், அவன் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தீர்மானித்தேன். தீர்மானித்த பிறகும் ஞாயிறுதோறும் கூப்பிட்டேன். எனக்கு வேறு யாரும் இல்லை என்பதுதான் உண்மை.

கரூரிலிருந்து அந்த அழைப்பு வந்தது ஒரு மழை நாளில். கோகிலவாணி என்று ஒரு பெண். புகார்ப் பிரிவுக்குப் போன் செய்கிறவர்கள் கத்துவார்கள், இவர் கத்தவில்லை. கணவர் மலேசியாவில் ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. போனில் பேசுகிற வழக்கம் இருவருக்கும் குறைவு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் ஆட்டம் ஆடினால் அதுதான் அவர்கள் பேச்சு. பணம் வராததால் கடைக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். உங்கள் கணவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டு மாதக்கணக்காகிறதே, ஊருக்குத்தான் போய்விட்டார் என்று நினைத்தோம் என்றாராம் கடைக்காரர். நேற்று ராத்திரிகூட இவர் கணவரோடு ஆடியிருக்கிறார்.

"தினமும் வந்தாருங்க" என்றார் கோகிலவாணி. "அதனால நல்லாத்தான் இருக்காருன்னு இருந்துட்டேனுங்க. ஒரு நா வரலைன்னாலும் தேடியிருப்பேனுங்களே."

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எந்த நாளிலிருந்து அது அவரில்லை? அந்த நாள் தெரிந்தால் அங்கே போலீஸிடம் சொல்லலாம், எங்கிருந்து தேடுவது என்று தெரியும். நான் ரகோத்தமனிடம் ஓடினேன். அவர் திரையைப் பார்த்தபடியே, அந்த விவரம் இல்லை என்றார். அழித்தது நாம்தானே என்றார். அந்தக் கணவர் இன்றுவரை கிடைக்கவில்லை.

கோகிலவாணி டிவியில் பேசினார். அதே நிதானத்தோடு, கத்தாமல். அது போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஒருவரையொருவர் சோதிக்க ஆரம்பித்தார்கள். அம்பத்தூரில் ஓர் அப்பா, நீ என் மகன்தான் என்றால் இந்த ஆட்டத்தை வேண்டுமென்றே தோற்றுக் காட்டு என்றிருக்கிறார். மகன் தோற்றான். கைவாகுவும் தோற்கும், இது என்ன சாட்சி என்று அப்பா மூடிவிட்டார். நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் அவமானம். எத்தனையோ பேர் எங்களுக்குப் போன் செய்து, இத்தனை நாள் ஆடியது நான்தான் என்று என் மனைவியிடம் நீங்கள் சொல்லுங்கள் என்று அழுதார்கள். எங்களால் அதைக்கூடச் சொல்ல முடியவில்லை.

அலுவலகத்திலும் யாரும் யாரையும் நம்பவில்லை. மெயிலுக்குச் சீக்கிரம் பதில் வந்தால் எழுந்து போய் ஆள் நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்த்தோம். பேட்மிண்டன் சகோதரிகள் தங்கள் விளையாட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் போனார்கள். அதைத் தொட யாரும் இல்லை, நாலுகுழி வாடை அதில் ஏறியிருந்தது. மதுரைப் பையன்கள் எங்களைத் திட்டக்கூட இல்லை, நம்பரை மாற்றிவிட்டார்கள். ரகோத்தமன் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு போனவர் வரவில்லை. கட்டடத்தில் மாடி மாடியாக விளக்கு அணைந்துகொண்டே வந்தது.

மூடப் போகிறோம் என்று தீனா சொன்னபோது அறையில் நாங்கள் சிலர்தான் இருந்தோம். ரெட் மட்டும் இன்னும் ஒரு வாரம் ஓடும், பிறகு நிறுத்திவிடலாம் என்றார். அந்த ஒரு வாரம் கைவாகுவை முழுவதுமாக அணைத்துவிட்டு ஓடவிடுங்கள் என்று கேட்டேன். கடைசியிலாவது மனிதனுக்கு எதிரே மனிதன் இருக்கட்டும்.

"யாரும் வரமாட்டாங்க புளோரா."

"வராதது தெரியட்டுமே" என்றேன்.

கோகிலவாணிக்காகக் கேட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். அதுவும்தான். ஆனால் எனக்குள் இருந்தது எட்வின். கைவாகு இல்லாத போர்டில் அவனைக் கூப்பிட்டால், வந்தால் தம்பி, வராவிட்டால் இல்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக உண்மை தெரிந்துவிடும்.

மறுநாள் காலையில் அணைத்தார்கள். நான் எட்வினைக் கூப்பிடவில்லை. ஞாயிறு வரட்டும் என்று ஒத்திப்போட்டேன். மத்தியானம் புகார்ப் பிரிவின் ஹெட்ஃபோன்களையெல்லாம் ஒயர் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம். யாருடைய போனோ என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.

என் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். 'எட்வின் ஆட்டத்துக்கு அழைக்கிறார்' என்று இருந்தது. ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றேன். நின்று, மறுபடி படித்து, பிறகுதான் தொட்டேன். போர்டு திறந்தது. கூடவே குரலும் வந்தது, எட்வின் குரல் இல்லை.

"அத்த, இன்னிக்கு ஏன் இவ்ளோ லேட்டு?"

சின்னப் பெண் குரல். அந்தப் பக்கம் போன் கை மாறுகிற சத்தம் கேட்டது.

"அக்கா?" என்றான் எட்வின். "நீயா?"

"நான்தான்."

"பேசுறியே."

"நீ கூப்பிட்டியா? ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே எட்வின்."

அவன் பின்னால் துறைமுக லாரி எதுவோ ஹாரன் அடித்தது.

"தினமும் கூப்பிடுறேன்க்கா" என்றான். "ஷிஃப்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடி. அடுத்த செகண்டே வந்துருவ. மொதல்ல ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். எங்கக்கா கூப்பிட்ட ஒடனே வர்ற ஆளா?"

ஊழியர்களைக் கூப்பிட்டால் மணி அடிக்காது, நேராகக் கைவாகு போகும்; அதை அணைத்ததால்தான் இன்று அடித்தது. நாங்கள் கைதட்டி வரவேற்ற ஏற்பாடு. மீட்டிங் நேரத்துக்கு மட்டும் என்று யாரும் நேரம் குறிக்கவில்லை, யாரும் அதை எடுக்கவும் இல்லை. ஊருக்கெல்லாம் புகார் கேட்ட நான், என்னை ஏன் யாருமே கூப்பிடுவதில்லை என்று ஒரு தடவை யோசித்திருந்தால் போதும். எனக்கு வந்த சந்தேகமெல்லாம் மற்றவர்கள் மேலேயே வந்தது.

தெரிந்துமா ஆடினாய் என்று கேட்டேன்.

"ஆடினேன். சண்டைக்கு முன்னாடி புடிச்ச கை இல்லையா அது? ரெட்டுக்குப் பாயுற பழைய புளோராக்கா. ஞாயித்துக்கெழம நீ கூப்பிடுவ பாரு, அதுதான் நெஜமான நீன்னு தெரியும். ரெட்டத் தொடவே பயப்படுவ. அதுக்காகவே ஞாயித்துக்கெழம ஷிஃப்ட மாத்தி வாங்கிட்டேன். போனைக் கையில வெச்சிக்கிட்டே உக்காந்திருப்பேன்."

நான் ஹெட்ஃபோன் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அட்டை அமுங்கியது. உடனே உடனே வந்தவன் என் தம்பிதான்.

"பாப்பா?" என்றேன்.

"மெர்லின். கேரம் கத்துக்கிட்டதே ஒங்கிட்டதான். அதாவது, அதுங்கிட்ட."

"அது நானில்லன்னு அவகிட்ட சொல்லலையா?"

"என்னன்னு சொல்லுவேன்க்கா? அத்த நம்மகூடப் பேசமாட்டாங்க, அவங்க கை மட்டும் வரும்னா?"

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் மெர்லின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தால் ஆட்டம் எப்போது என்று அவளுக்குக் கோபம். முதல் அடி அவளுடையது. நன்றாக அடித்தாள், இரண்டு வெள்ளை விழுந்தன, மூன்றாவது நூலிழையில் தவறியது. வெட்டி அடிக்கும் முன் அரை நொடி நிதானிக்கிறாள். அது என் பழக்கம். எனக்கே மறந்துபோன பழக்கம்.

என் முறை வந்தது. கண்ணில் தண்ணீர் கட்டிப் போர்டு கலங்கித் தெரிந்தது. குழிக்குப் பக்கத்தில் நின்ற கறுப்பைத் தள்ளினேன், விழுந்தது. ரெட் நடுவில் திறந்து கிடந்தது. நான் அதை விட்டுவிட்டு, சுலபமான இன்னொரு கறுப்பைக் குறிவைத்தேன். தவறியது.

"அப்பா" என்றாள் மெர்லின், போனை விலக்கிப் பிடித்துக்கொண்டு, ஆனால் எனக்குக் கேட்கும்படி. "இது அத்த இல்ல."

"அத்தைதான்டா."

"இல்லப்பா. அத்த கரெக்டா ரெட்டத்தான் எடுப்பாங்க."

அடுத்த முறை வந்தபோது நான் ஸ்ட்ரைக்கரை ரெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து வைத்தேன். பழைய புளோரா எப்படி அடித்திருப்பாள் என்று யோசித்தேன். யோசிக்காமல் அடித்திருப்பாள். என் விரல் கண்ணாடியில் தயங்கியது, சாய்ந்தது, தள்ளியது. ரெட் குழியின் உதடு வரை போய் நின்றுவிட்டது.

மெர்லின் இப்போது பேசியது, வீட்டுக்கு வந்த புது ஆளிடம் பேசுவது போல மரியாதையாக இருந்தது.

"பரவால்ல ஆன்ட்டி. அத்த வர்ற வரைக்கும் நீங்க ஆடுங்க."

சரி பாப்பா என்றேன். அவள் அடிக்கக் காத்திருந்தேன்.